நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆனது. வலது பக்கம் போகப் போக வரிகள் மேலே ஏறிவிடுகின்றன. வகுப்பில் டீச்சர் பார்த்துவிட்டு, “என்னங்க, உங்க வரி மட்டும் மாடிக்குப் போகுது?” என்றார். “இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் டீச்சர், கைப்பழக்கம்” என்றேன். வகுப்பே சிரித்தது. வகுப்பு என்றால் ஒன்பது பேர், நூலகத்தின் பின்னறை. எழுபத்தொரு வயதில் நான்தான் மூத்தவன் என்று நினைத்துப் போனேன். இல்லை, எழுபத்து நாலில் ஒரு காவலாளி இருக்கிறார். அவர் இன்னும் ‘ஞ’வில் நிற்கிறார். நான் தாண்டிவிட்டேன்.

போன் செய்யாதே. போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன். நடிகையோடு பேசி யார் ஜெயிப்பது? கடிதம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே காகிதம்.

தெருவில் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு சுவரும் நிறுத்திப் பேசுகிறது. நான் சவரம் செய்துகொள்கிற கடையின் பெயர் ‘முதல் தரம்’ என்று இப்போதுதான் தெரிகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

முக்கியமான சேதி இனிமேல்தான். மாப்பிள்ளை எழுதிய ‘நகரத்தின் சிறு மேடைகள்’ புத்தகத்தை எடுத்துவிட்டேன். அவர் போனபிறகு நீ கையில் கொடுத்தாயே, அதே பிரதி. அலமாரியில் மூன்று வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இப்போது முப்பத்தொன்று. அச்சகத்துக்கு மேலே நாம் நாடகம் போட்டதும், கீழே இயந்திரம் ஓடும்போது சண்டைக் காட்சியும் நிற்கும்போது காதல் காட்சியும் வைத்ததும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்தில் போட்டது இருக்கிறது. ஒத்திகைப் பதிவேடும் இருக்கிறது. உரிமம் இல்லாததால் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் நடிகர்கள் என்று கையெழுத்து வாங்கினோமே. ஒரு நாள் அதிகாரி வந்து, “ஒரு நாடகத்துல அறுபத்தெட்டு நடிகரா? அப்ப பாக்கிறது யாரு?” என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை “இப்ப நீங்கதான் சார்” என்றாரே. அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நான் இன்னும் வரவில்லை. எந்தப் பக்கத்தில் வருகிறேன் என்று சொல்லிவிடாதே. தேடிக்கொண்டு போவது நன்றாக இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டினேன். “மாமாவா எழுதினாரு?” என்று மூன்று முறை கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போக, நீங்கள் வேலைக்குப் போனீர்கள். அது எனக்கு மறக்கவில்லை.

ஆனால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் புத்தகம் சின்ன எழுத்து. நடுவில் எல்லாம் உரிமம், தீர்மானம், கமிட்டி என்று சப்பென்று போகும். அதை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள், நீச்சல் குளத்தைப் போலவே வேடிக்கையாக இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் நான் வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எப்போதும்போல நானே படித்துக் காட்டுகிறேன்.

இங்கேயும் ஒரு நல்ல சேதி. மாநகராட்சி கட்டுகிற சின்ன அரங்கத்துக்கு அவர் பெயரை வைக்கத் தீர்மானம் ஆகிவிட்டது. ஜூன் இருபதாம் தேதி திறப்பு. அதற்குள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் வர வேண்டும். பிழை பார்க்கிற வேலை என் தலையில். ஐம்பது வருஷம் வாடகை அறைகளில் நாடகம் போட்டவருக்கு இப்போதாவது ஒரு சுவர் கிடைக்கிறது.

மூட்டு வலிக்கு மருந்து போடுகிறீர்களா?

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

நான் பக்கத்தை விட்டுப் படிக்கிறவன் இல்லை. விட்டுப் படிக்க இன்னும் பழகவில்லை. ஆனால் இப்போது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் ஓடுகிறது.

என்னைக் கண்டுபிடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பார்த்து எழுதுகிறேன்.

“மாடி அரங்கின் முடிவு ஒரு மனிதரின் அலட்சியத்தால் வந்தது. ஒளியமைப்பு உதவியாளர் குடித்துவிட்டு, எரியும் விளக்கின் மேல் சாதாரண வண்ணக் காகிதத்தை ஒட்டிவிட்டு வெளியே போனார். இதை அவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினொரு வருட உழைப்பு நாற்பது நிமிடத்தில் எரிந்தது. நகரத்தின் சிறு நாடக இயக்கம் அதிலிருந்து மீளவே இல்லை.”

நான்கு முறை படித்தேன். புதிதாகப் படிக்கிறவன், எங்கோ தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்தேன். வகுப்புக்கு எடுத்துப் போய் டீச்சரைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்தபோதும் அதேதான் வந்தது. “யாருங்க இந்த ஆளு?” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாடி அரங்கில் வேறு ஒளியமைப்பு உதவியாளர் உண்டா? பெயிண்டுக் கிடங்கு மாடியில் நான்கு குழு நடித்த இடத்துக்கு ஒரே விளக்குக்காரன். பல்பு என்று கூப்பிட்டால் திரும்புகிறவன் ஒருத்தன்தான். நான் குடித்து நீ பார்த்திருக்கிறாயா?

அன்று மத்தியானம் நடந்ததை எழுதுகிறேன். சிவப்பு வெளிச்சத்துக்கு உரிய தாள் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை பரிசுப் பொருள் சுற்றுகிற கண்ணாடிக் காகிதத்தை வாங்கி வந்தார். “இது சூடு தாங்காது மாப்பிள்ளை, ஒட்டாதீங்க” என்றேன். “நீ டிம்மர் பெட்டியை வாங்கிட்டு வா பல்பு, சாயங்காலம் பேசிக்கலாம்” என்றார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் பெட்டிக்காக நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது புகையைப் பார்த்தேன். பெயிண்டுக் கிடங்காக இருந்த கட்டடம், பிடித்துக்கொண்டால் விடுமா. உள்ளே காகிதம் ஒட்டியவர் அவர். எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நான் யாரிடமும் பேசவில்லை.

எழுத்து மூலம் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஏது எழுத்து? மறுநாள் உன் சமையலறையில் ஒரு காகிதத்தில் கைரேகை வைத்தேன். அரங்கைத் திரும்பக் கேட்கிற மனு என்று நீதான் படித்துக் காட்டினாய். வேறு எதிலும் நான் வைக்கவில்லை. அச்சுப் பிழையாக இருக்கும். பிழை பார்க்கிறவள் நீதானே, பார்த்துச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

முப்பது வருஷத்துக்கு முந்தைய காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் நான் எங்கே போவேன்? அந்த வாரம் முழுக்க எத்தனையோ காகிதம் வந்தது, போனது. தீயணைப்பு, காவல் நிலையம், கட்டடச் சொந்தக்காரர். எதைப் படித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் இப்போது இல்லை. பதில் சொல்ல முடியாதவரிடம் கேள்வி கேட்டு என்ன ஆகப் போகிறது? அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர்கூட இல்லை. படிக்கிறவர்களுக்கு அது யாரோ ஒரு உதவியாளர். முந்நூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பதைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். யார் படித்தார்கள்?

ஒன்றை மட்டும் யோசியுங்கள். இயக்குநரான அவர்மேல் தப்பு என்று வந்திருந்தால் நான்கு குழுவுக்கும் உரிமம் போயிருக்கும். வேறு எந்த இடத்திலும் மேடை ஏற விட்டிருக்க மாட்டார்கள். அப்போது நிலைமை அப்படி.

இரண்டாம் பதிப்பில் உங்கள் புகைப்படம் ஒன்று போடச் சொல்கிறேன். ஏணிமேல் நிற்பது ஒன்று இருக்கிறது, நன்றாக இருப்பீர்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கெல்லாம் போய்விடாதீர்கள். அங்கே மூன்று மாடி, உங்கள் முட்டி தாங்காது.

தங்கை


மே 6

தங்கச்சிக்கு,

அலுவலகத்துக்குப் போவேன் என்று நான் எழுதவே இல்லை. நீ எழுதினாய். அதனால் போனேன்.

மூன்று மாடியும் ஏறினேன். லிஃப்ட் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. பதிவறையில் ஒரு குமாஸ்தா. “பெரியவரே, என்ன வேணும்?” என்றார். “என் கைரேகை வேணும்” என்றேன். “அது உங்க கையிலயே இருக்கே” என்றார். நல்ல மனுஷன். இரண்டு நாள் தேடி எடுத்துக் கொடுத்தார். “படிக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏழு வரிதான். பார்த்து எழுதிக்கொண்டு வர ஒரு காலை முழுதும் போனது.

“கீழே கைரேகை வைக்கும் நான் சம்பவத்தன்று மது அருந்தியிருந்தேன். விளக்கின் மேல் காகிதத்தை ஒட்டியவன் நானே. இயக்குநர் அப்போது அரங்கில் இல்லை. அவர் முன்பே என்னை எச்சரித்திருக்கிறார். தையல் பெண்ணின் கைகள் தீயில் வெந்ததற்கும் நானே காரணம். இதைப் படிக்கக் கேட்டு, புரிந்துகொண்டு, கைரேகை வைக்கிறேன். படித்துக் காட்டியவர்.”

அதற்குப் பக்கத்தில் உன் கையெழுத்து. அழகாக இருக்கிறது.

உனக்கு நினைவில்லை என்றாயே, எனக்கு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்ததுதான் சொத்து. நீ படித்தது இது. “மாடி அரங்கு எங்கள் வீடு. அதை எங்களுக்கே திருப்பித் தர வேண்டும். நான் அங்கே பதினொரு வருஷம் விளக்குப் போட்டவன். எந்தப் படி வழுக்கும் என்று இருட்டிலும் எனக்குத் தெரியும்.” என்னைப் பற்றி ஒருவரும் அப்படி எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. ஏழு வரிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனையும் நீயாகச் சொன்னாய். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குழுவும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அரங்கம் இல்லை, அதனால் வேலை இல்லை என்று நினைத்து லிஃப்டில் போய் உட்கார்ந்தேன். நம் நாடகங்களுக்கு உடை தைத்த தையல்காரம்மாவைக் கடைத்தெருவில் எத்தனை முறை பார்த்திருப்பேன். விரல் மடங்காத அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கை அப்படி ஆனதில் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தீ விபத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசி வைத்திருந்தோம் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டாம் பதிப்பில், அதே பக்கத்தில், நடந்ததைப் போடு.

அண்ணன்


மே 15

அண்ணா,

சரி. எனக்கு நினைவிருக்கிறது.

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். புருவம் பொசுங்கிப்போய் இருந்தது. “பல்புக்கு இழக்க என்ன இருக்கு? எனக்கு எல்லாம் போயிடும்” என்றார். காகிதத்தை எழுதியது அவர். “மனுன்னு சொல்லிப் படி” என்றார். நீங்கள் உள்ளே வந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி என் முன்னால் உட்கார்ந்தீர்கள். படித்தேன்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் எனக்காக நீங்கள் கைரேகை வைத்திருப்பீர்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஏன் கேட்கவில்லை என்றால், ஒருவேளை மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். இதற்குமேல் என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் மட்டும்தான் அந்தப் புத்தகத்தில் அநியாயமாகப் போனீர்களா? நான் எத்தனை பக்கத்தில் வருகிறேன் என்று எண்ணிப் பாருங்கள். ‘என் மனைவியும் உடனிருந்தாள்.’ இரண்டு இடம். அவர் பேரில் வந்த நாடகங்களில் ஐந்துக்குக் கடைசிக் காட்சி எழுதியவள் நான். தட்டச்சு செய்து, மனப்பாடம் செய்து, மேடையில் நின்று அந்த வசனத்தைப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அவருக்கு வாழ்த்துச் சொன்னவளும் நான். இத்தனைக்கும் கிடைத்தது அந்தச் சுவரில் எழுதப் போகிற ஒரு பெயர். அதுவும் என் பெயர் இல்லை. அதையும் இடித்துப் போடு என்கிறீர்கள்.

நடந்ததை அப்படியே என்னால் போட முடியாது. ஆனால் உங்கள்மேல் இருந்த பழியை எடுத்துவிட்டேன். திருத்திய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘காரணம் தெரியாத தீவிபத்து’ என்று மாற்றியாயிற்று. அச்சுக்கும் போய்விட்டது. இனிமேல் ஒருவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

தங்கை


மே 28

தங்கச்சிக்கு,

திருத்திய பக்கம் வந்தது. படித்தேன். பிறகு பழைய புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இருநூற்று நாற்பது பக்கம். அச்சகம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, டிக்கெட் கிழித்தவன் வளர்த்த நாய்கூட இருக்கிறது. நான் இருந்தது அந்த ஒரே பக்கத்தில்தான். அதையும் இப்போது எடுத்துவிட்டாய். முதலில் தீ வைத்தவனாகவாவது அங்கே இருந்தேன்.

நீ உன் கடைசிக் காட்சிகளைப் பற்றி எழுதியது நியாயம். அதைப் படித்து எனக்கு வலித்தது. ஆனால் உன்னிடமிருந்து அவர் எடுத்தார். என்னிடமிருந்து நீ எடுத்தாய்.

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் மூட வந்தாள். வாசலில் நின்றபடியே, பதிவறையில் பார்த்து எழுதி வந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் படிக்க வரும். அவள் காத்திருந்தாள். பிறகு பஸ், டிம்மர் பெட்டி எல்லாம் சொன்னேன்.

“என்ன எழுதியிருக்குன்னு தெரியாத பேப்பர்ல யாராவது கை வைப்பாங்களா?” என்றாள்.

“தங்கச்சி படிச்சா” என்றேன்.

“நான் உன்னைத் தினம் திட்டியிருக்கேன் பல்பு. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாம நிக்கிற ஒவ்வொரு காலையும். அத்தனையையும் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?” என்றாள். உள்ளே வா என்று அவள் சொல்லவும் இல்லை, கதவை மூடவும் இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்கிறாய். போகட்டும். திறப்பு விழாவில் நீதானே பேசப் போகிறாய். அவர் பெயர் சுவரில் இருக்கட்டும், இடிக்கச் சொல்லவில்லை. அந்த மேடையில் நின்று, நான் கைரேகை வைத்த அந்தக் காகிதத்தில் இருப்பதை, இருக்கிறபடி, ஒரு முறை படி. அன்று எனக்கு என்ன படித்துக் காட்டினாய் என்பதையும் சொல்.

அண்ணன்


ஜூன் 9

அண்ணா,

இரண்டு வாரம் தூங்கவில்லை. எழுதிவிட்டேன். என் பேச்சை அச்சடித்து ஒவ்வொரு நாற்காலியிலும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று அச்சகத்தில் கொடுத்தாயிற்று. தீயைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. காகிதத்தை ஒட்டியவர் என் கணவர் என்றும், என் அண்ணன் அப்போது அங்கே இல்லை என்றும், பொய்யாகப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கியவள் நான் என்றும் எழுதியிருக்கிறேன்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள்.

வாருங்கள். தையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேசும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

தங்கை


ஜூன் 24

தங்கச்சிக்கு,

வந்திருந்தோம். ஐந்தாவது வரிசை. நீ பார்த்தாய், எனக்குத் தெரியும்.

அரங்கம் நன்றாக இருக்கிறது. நூற்றிருபது நாற்காலி. பக்க விளக்குகளைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கலாம், நடிக்கிறவர்களின் மூக்கு நிழல் வாயில் விழும். அதைக் கேட்க அங்கே யாருக்கு நேரம். முன்வரிசையில் மேயர், உன் மகள், மருமகன், இன்னும் மாலை போட்டுக்கொண்ட நான்கு பேர்.

நீ சொன்னபடி உன் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் வைத்திருந்த காகிதத்தை எடுத்து, நீ பேசப் பேச விரலை வரியில் வைத்துத் தொடர்ந்தேன். நீ நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவள், அதனால் என்னால் கூடவே வர முடிந்தது. அச்சகம் வந்தது. நீச்சல் குளம் வந்தது. அறுபத்தெட்டு நடிகர்கள் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மாடி அரங்கு வந்தது. அடுத்த வரியில் விரலை வைத்துக் காத்திருந்தேன். நீ தண்ணீர் குடித்தாய். “பிறகு ஒரு நாள் அதையும் இழந்தோம்” என்றாய். காகிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதற்கப்புறம் நீ பேசியது நான்கு வரி தள்ளி இருந்தது.

தையல்காரம்மா என் பக்கம் குனிந்தாள். “ரெண்டு வரி தாண்டிட்டா போல” என்றாள்.

“மூணு” என்றேன்.

இந்த முறையும் உன் குரல் தடுக்கவில்லை. கேட்கிறவனாக மட்டும் இருந்திருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பேசி முடித்ததும் கை தட்டினார்கள். தையல்காரம்மாவால் தட்ட முடியாது. நான் தட்டவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஆள் தட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஒரு வரியைக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னும் பின்னால் எத்தனை தலை குனிந்திருந்தது என்று நான் எண்ணவில்லை. நீ மேடையில் நின்று பார்த்திருப்பாய். நூற்றிருபது காகிதத்தையும் திரும்பப் பிடுங்க நேரம் இல்லை.

உன் மகள் வாசலில் என்னைத் தாண்டிப் போனாள். மாமா என்று கூப்பிடவில்லை. கையில் காகிதம் கசங்கி இருந்தது.

எழுதியவளும் நீ, தாண்டியவளும் நீ. இரண்டில் யாருக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதியவளாக இருந்தால், அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தையல்காரம்மா உன் பேச்சை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாய். வர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எதையும் படித்துக் காட்ட வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பு. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரியும் விடமாட்டேன்.

அண்ணன்